தர்க்கம் படித்த பேனா

பங்குனி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை வட்டாரத்துக் கோயில் திடல்களுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடக்கும். பத்து மணி வாக்கில் பபூன் வந்து சிரிப்பு மூட்டுவார். டான்ஸ்காரரோடு வாய்ச்சண்டை போடுவார். நள்ளிரவு தாண்டித்தான் வள்ளி வருவாள், பின்னாலேயே நாரதர் வருவார். அதுவரை பாயில் சுருண்டு கிடந்த பெரிசுகள் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் தேடுவார்கள். அவர்கள் காத்துக் கிடந்தது தர்க்கத்துக்கு. தினைப்புனத்துப் பெண்ணுக்கும் அவளை மடக்க வந்த முனிவருக்கும் நடக்கும் கேள்வி பதில். பாட்டில் கேட்டால் பாட்டிலேயே பதில் வர வேண்டும். வசனத்தில் இடக்குப் பண்ணினால் வசனத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடிகர்கள் தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டவர்கள், ஒத்திகை என்று ஒன்று கிடையாது, மேடையில்தான் சந்திப்பே. நாரதர் அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்பது வள்ளிக்கும் தெரியாது. விடியும்போது முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் ஆகும். அதைப் பார்க்கத் திடலில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

இந்தத் தர்க்கத்தை மேடையிலிருந்து பெயர்த்துச் சினிமாவுக்குக் கொண்டுபோனவர் ஏ.பி.என். என்கிற ஏ.பி.நாகராஜன். ‘திருவிளையாடல்’ எடுத்த பக்திப்பட இயக்குநர் என்று அவரை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டோம். ஆனால், அவர் சினிமாவுக்குள் வந்தது எழுத்தாளராக. கடைசிவரை பிழைத்ததும் எழுத்தாளராகத்தான். மேடை நாடகம், வாரப் பத்திரிகைத் தொடர்கதை, புராணம் என்று எங்கோ ஏற்கெனவே இருந்த கதைகளைத் திரைக்குத் தைத்துக் கொடுத்தவர். 1928 பிப்ரவரி 24 அன்று பிறந்தவர் என்பதால் 2028இல் அவருக்கு நூற்றாண்டு வருகிறது.

சங்ககிரி பக்கத்து அக்கம்மாபேட்டைக்காரரைப் பற்றிய கட்டுரையில் புதுக்கோட்டைக்கு என்ன வேலை? இரண்டு வேலை இருக்கிறது. அவருடைய கலைக்கு வித்து இந்த ஊர் வழியாக வந்தது. அந்தக் கலையால் முழுக்கக் கட்டியாள முடியாத ஒரு நாவலாசிரியரும் இதே மண்ணிலிருந்து வந்தார்.

மான்பூண்டியா பிள்ளையின் பிள்ளை

முதலாவதை முதலில் பார்ப்போம். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் என்று சங்கீத உலகம் கொண்டாடும் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை, ஒரு துறவியைத் தன் சுவீகாரப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். அந்தத் துறவிதான் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ என்று இன்றும் திடல்களில் ஓடுகிற நாடகங்களை எழுதியவர். புதுக்கோட்டையில் லயத்தின் நடுவே வாழ்ந்த அனுபவம் அவர் வசனத்தில் இருக்கிறது. சும்மா பேசுகிற இடத்திலும் ஒரு தாளக்கட்டு கேட்கும்.

பெரிய நடிகர்களோடு சுவாமிகளுக்கு ஒரு தீராத தகராறு இருந்தது. எழுதிக் கொடுத்ததைப் பேச மாட்டார்கள். மேடையில் தோன்றியதையெல்லாம் பேசுவார்கள். வெறுத்துப்போய்த்தான் அவர் பையன்கள் பக்கம் திரும்பினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. சொன்னதைச் சொன்னபடி சொல்லும் பிள்ளைகள். ஓர் எழுத்தாளன் தன் எழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடாகவே பாய்ஸ் கம்பெனி எனக்குப் படுகிறது. அந்தச் சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பாடம் கற்றார்கள்.

புதுக்கோட்டையில் பிறந்த நடிகர் பி.யு.சின்னப்பாவும் அதே சபையிலும், பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் வளர்ந்தவர். அவருடைய முதல் படம் 1936இல் வந்த ‘சந்திரகாந்தா’. ஜே.ஆர்.ரங்கராஜு எழுதிய நாவல், மேடை நாடகமாகிச் சக்கைப்போடு போட்டு, அதன் பிறகு படமானது. 1942இல் அவர் நடித்த ‘மனோன்மணி’யின் பயணம் இன்னும் நீளம். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதை, சுந்தரம் பிள்ளை கையில் 1891இல் செய்யுள் நாடகமானது; அரை நூற்றாண்டு கழித்து மாடர்ன் தியேட்டர்ஸ் கையில் படமானது. அவருடைய ‘உத்தமபுத்திர’னின் இரட்டை வேடத்துக்கு மூலம் பிரெஞ்சு நாவலாசிரியர் டூமா. தமிழ்ப் பேசும்படம் பிறந்த காலத்தில் சொந்தக் கதை என்பதே அபூர்வம். இருந்ததை எடுத்துத் திரைக்கு ஆக்குகிறவருக்குத்தான் வேலை இருந்தது.

ஸ்திரீபார்ட்டிலிருந்து வசனகர்த்தா

டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் குப்புசாமி என்ற சிறுவன் வந்து சேர்ந்தபோது அவனுக்கு நாகராஜன் என்ற பெயரைக் கொடுத்ததே கம்பெனிதான். அவ்வை டி.கே.சண்முகம் குரு. பையனுக்குக் கிடைத்தது ஸ்திரீபார்ட். ‘குமாஸ்தாவின் பெண்’ணில் பெண் வேடத்தில் பேர் வாங்கினார். அந்த நாடகமும் ஒரு தழுவல். நிருபமா தேவி எழுதிய வங்காள நாவலை டி.கே.முத்துசாமி தமிழ் மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். பிற்காலத்தில் நாவல்களைத் திரைக்கு மாற்றப்போகிறவர், பதின்வயதில் ஒரு நாவலுக்குள் நின்றுகொண்டு தினமும் வசனம் பேசிக்கொண்டிருந்தார். எந்த வரியில் கூட்டம் அசையாமல் இருக்கிறது, எந்த வரியில் கொட்டாவி விடுகிறது என்பது ராத்திரிக்கு ராத்திரி முகத்துக்கு நேரே தெரிந்த படிப்பு அது. திரைக்கதை சொல்லித்தரும் எந்தப் பள்ளியிலும் இந்தப் பாடம் கிடைக்காது.

பிறகு சக்தி நாடக சபா, சொந்தக் குழு. அவர் எழுதிய ‘நால்வர்’ நாடகத்தைச் சேலத்து எம்.ஏ.வேணு படமாக்கியபோது (1953) கதை வசனமும் அவரே, கதாநாயகனும் அவரே. நடிகராக அவர் நெடுநாள் ஓடவில்லை. நல்லதாகப் போயிற்று. ‘டவுன் பஸ்’, ‘நான் பெற்ற செல்வம்’ என்று பேனா ஓடியது. 1957இல் வி.கே.ராமசாமியோடு சேர்ந்து எடுத்த ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் சிவாஜியைக் கொங்குத் தமிழ் பேச வைத்தார். செந்தமிழ் அடுக்குமொழி உச்சத்தில் இருந்த நேரத்தில், எதுகை மோனைக்கு ஏங்கிக் கிடந்த கதாநாயகன் வாயில் சொந்த ஊர்ப் பேச்சை வைத்தது சாதாரணத் துணிச்சல் இல்லை. மறு வருடமே ‘சம்பூர்ண ராமாயணம்’. அதில் ராவணனாக டி.கே.பகவதி, தன்னை வளர்த்த கம்பெனியின் அண்ணனுக்குச் சிஷ்யன் எழுதிய வசனம். பரதனாக வந்த சிவாஜியை ராஜாஜியே பாராட்டினார்.

பெருங்களூரின் சவால்

இனி இரண்டாவது வேலை. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் பெருங்களூர். 1922இல் அங்கே பிறந்து, புதுக்கோட்டையில் படித்து, ரயில்வே மெயில் சர்வீஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் பி.வி.அகிலாண்டம் என்ற அகிலன். பின்னாளில் ‘வேங்கையின் மைந்த’னுக்குச் சாகித்ய அகாடமி, ‘சித்திரப்பாவை’க்கு 1975ஆம் ஆண்டின் ஞானபீடம். தமிழுக்கு வந்த முதல் ஞானபீடம் அது. வாரப் பத்திரிகை வாசகர்கள் அவரைக் கொண்டாடினார்கள், விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

‘கல்கி’யில் தொடராக வந்த ‘பாவை விளக்கு’ 1960இல் படமானது. கே.சோமு இயக்கம், ஏ.பி.என். திரைக்கதை. தணிகாசலம் என்ற எழுத்தாளனும், அவன் வாழ்க்கையில் வந்து போகும் நான்கு பெண்களும்தான் கதை. சிவாஜி தணிகாசலம், பண்டரிபாய், குமாரி கமலா, சௌகார் ஜானகி, எம்.என்.ராஜம் என்று நான்கு திசைக்கு நான்கு பேர். கே.வி.மகாதேவன் இசையில், தாஜ்மகாலில் படமாக்கிய டூயட்டை இன்றும் கேட்கிறோம்.

ஆனால், படத்தை இன்று உட்கார்ந்து பார்த்தால் ஒரு தடுமாற்றம் தெரியும். நாவலின் உயிர் தணிகாசலத்தின் மனசுக்குள் இருக்கிறது. அவன் யாரோடும் மோதுவதில்லை. நினைக்கிறான், தயங்குகிறான், தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொள்கிறான், மறுபடியும் நினைக்கிறான். தொடர்கதை வாசகிக்கு அது தேன். ஒரு வாரம் முழுக்க அந்தத் தயக்கத்தோடு அவள் குடித்தனம் நடத்துவாள். திரையில் தயக்கத்துக்கு முகம் உண்டே தவிர, எதிர்வாதம் இல்லை. எதிரே ஒருவர் நின்று “ஏன்?” என்று கேட்டால்தான் ஏ.பி.என். பேனாவுக்குச் சூடு பிடிக்கும். இங்கே கேட்க ஆள் இல்லை. அதனால் பாட்டும் நடனமும் பயணமும் வந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. சிவாஜிக்காகச் சி.எஸ்.ஜெயராமன் பாடிய பாட்டுகள் தணிகாசலத்தின் மனசை அவன் வசனத்தைவிட அதிகம் சொல்கின்றன என்பேன்.

மூன்று வருடம் கழித்து அதே அகிலனின் ‘வாழ்வு எங்கே?’யை ‘குலமகள் ராதை’ ஆக்கியபோது இயக்கமும் ஏ.பி.என்.னுடையது. இம்முறை காதலர்கள் பிரிய ஒரு தெளிவான காரணமும், நடுவில் நிற்க இன்னொரு பெண்ணும், கண்ணுக்கு ஒரு சர்க்கஸ் கூடாரமும் இருந்தன. சரோஜாதேவிக்கும் தேவிகாவுக்கும் இடையே சிவாஜி. முதல் படத்தைவிடக் கட்டு இறுகியிருக்கிறது. இருந்தாலும் அகிலனும் ஏ.பி.என்.னும் ஒருவருக்கொருவர் பிறந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அகிலனுடைய பலம் நாசூக்கு. ஏ.பி.என். பலம் மல்லுக்கட்டு.

அகிலனின் சரித்திர நாவல்களில் அந்த மல்லுக்கட்டு தாராளமாகவே இருந்தது. ‘வேங்கையின் மைந்த’னை சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றியது. ‘கயல்விழி’யை எம்.ஜி.ஆர். ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ ஆக்கினார். 1978 பொங்கலுக்கு அது வந்தபோது அவர் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தார். கதாநாயகனாக அவருடைய கடைசிப் படம் அது. இவை இரண்டும் ஏ.பி.என். கைக்குப் போகவில்லை. போயிருந்தால் என்று நினைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

அறுபத்து நாலில் மூன்று

அவர் கைக்கு அளவெடுத்துத் தைத்தது போல வந்தது புராணம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அறுபத்து நான்கு படலங்கள். 1965 படத்துக்கு அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை மூன்று: தருமிக்குப் பொற்கிழி, வலை வீசியது, விறகு விற்றது. தாட்சாயணி கதை வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்தது. எதை எடுத்தார் என்று பாருங்கள். கல் யானைக்குக் கரும்பு கொடுத்தது, நரி பரியானது என்று கண்கட்டு வித்தைக்கு ஏற்ற படலங்கள் வரிசையாக இருக்க, அவர் கை போனது யாராவது யாரோடாவது வாதாடும் இடங்களுக்கு. புலவனோடு கடவுள், மனைவியோடு கணவன், பாகவதரோடு விறகுவெட்டி. இவை எல்லாவற்றுக்கும் வெளிச்சட்டமாக, பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையோடு அவ்வையார். அவ்வையாக வந்தவர் மேடையில் முடிசூடிய கே.பி.சுந்தராம்பாள். நக்கீரர் வேடத்தை ஏ.பி.என். வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே போட்டுக்கொண்டார். தெய்வத்தை எதிர்த்து வாதாடுகிற வேடம்!

புராணத்தில் தருமி, கல்யாணம் செய்துகொள்ளப் பணம் வேண்டும் என்று இறைவனிடம் முறையிடுகிற ஏழை. அவ்வளவுதான். ஏ.பி.என். அவனுக்குப் பசியும் பயமும் வாய்த்துடுக்கும் கொடுத்தார். நாகேஷ் தன் பங்குக்குக் கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்பும் ஓர் ஆளைக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து செய்த அந்தச் சில நிமிடங்களுக்கு இன்றைய கல்லூரிப் பையன்கள்கூட வாயசைக்கிறார்கள். கேள்வி கேட்பவனே மாட்டிக்கொள்ளும் அந்தக் காட்சியின் தாத்தா யார் என்று தெரிய வேண்டுமென்றால், திடல் நாடகத்தில் பபூன் ராஜபார்ட்டை மடக்குகிற இடத்தைக் கவனித்தால் போதும்.

நாயனமும் சதங்கையும்

அவர் எழுத்து வாழ்க்கையின் சிகரம் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ‘ஆனந்த விகட’னில் கோபுலுவின் ஓவியங்களோடு எழுதிய தொடர், புத்தகமாக வந்தபோது தலையணை கனம். நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஊர் ஊராக, திருவிழா திருவிழாவாக நகரும் கதை. உரிமை பத்திரிகை அதிபர் எஸ்.எஸ்.வாசனிடம் இருந்தது. தானே படமெடுக்கும் எண்ணத்தில் அவர் முதலில் தர மறுத்தார் என்றும், பிறகு இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குத் தந்தார் என்றும் சொல்வார்கள். சுப்புவுக்கும் ஏதாவது கொடுக்கலாம் என்று ஏ.பி.என். போனபோது, வாசன் முழுத் தொகையையும் ஏற்கெனவே தன்னிடம் தந்துவிட்டதாக அவர் சொன்னாராம். சினிமாவில் கதைக்கு உரியவனுக்குக் காசு போய்ச் சேர்ந்த கதைகள் அதிகம் இல்லை என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

அத்தனை பெரிய கதையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும் ஒரு படத்தை எப்படி எடுப்பது? ஏ.பி.என். முதுகெலும்பாகப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சண்டையை: நாயனம் பெரிதா, நாட்டியம் பெரிதா. நாயனக்காரன் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு மூக்கு நுனியில் கோபம். ஆட்டக்காரி மோகனாம்பாளுக்கு அவனுக்குக் குறையாத ரோஷம். முதல் சந்திப்பே உரசல், காதலே ஒரு பந்தயம். அந்தச் சண்டையைத் தாங்காத எதுவும் திரைக்கதையில் நிற்கவில்லை. அவள் அம்மா வடிவாம்பாளும் சவடால் வைத்தியும் மைனரும் மகாராஜாவும் அந்தப் பந்தயத்தைக் கலைக்க வருகிறவர்களாக மட்டுமே வருகிறார்கள். கத்திக்குத்துப் பட்டு உடம்பு தேறாமல் வாசிக்க உட்கார்ந்தவனிடம், சபை நடுவே, ஆட்டத்தின் வழியாகவே அவள் நலம் விசாரிக்கும் இடம் இருக்கிறதே, அது முழுக்க முழுக்கத் தர்க்கத்தின் இலக்கணம். அவள் கேட்கிறாள், அவன் நாயனத்தில் பதில் சொல்கிறான். மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம்தான் அந்தக் காட்சியில் சிவாஜியின் வசனம். பேச்சையே நம்பி வளர்ந்த எழுத்தாளர், தன் உச்சத்தைத் தொட்டது பேச்சை நிறுத்திய இடத்தில்.

1968இன் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. இரண்டு வருடத்தில் சுப்புவின் ‘ராவ்பகதூர் சிங்காரம்’ நாவலை ‘விளையாட்டுப் பிள்ளை’ ஆக்கினார். அதற்குத் தயாரிப்பாளர் அதே வாசன். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

சொல்ல வேண்டியது ‘ராஜராஜ சோழன்’ பற்றி. அரு.ராமநாதன் எழுதி, டி.கே.எஸ். சகோதரர்கள் ஊர் ஊராக நடத்திய நாடகம். குருகுலத்துக் கடனை அடைப்பது போல 1973இல் அதை எடுத்தார் ஏ.பி.என். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அகலத் திரை, பிரம்மாண்ட அரங்குகள், சிவாஜி. ஆனால், பாத்திரங்கள் வரிசையாக நின்று முன்பக்கம் பார்த்துப் பேசுகின்றன. சாதாரணத் திரையில் மறைந்துபோகிற மேடைத்தனம், ஸ்கோப்பில் இரு பக்கமும் இடம் கிடைத்ததும் கைகால் நீட்டிப் படுத்துவிட்டது. நாவலை எடுத்தபோது எதைத் தள்ளுவது என்று தெரிந்த கை, ஆசான் நடத்திய நாடகத்தை எடுத்தபோது எதையும் தள்ளக் கூசியிருக்கிறது. டி.கே.சண்முகமும் அதே 1973இல்தான் காலமானார்.

அதன் பிறகு ஏ.பி.என். அதிக காலம் இல்லை. 1977இல் எம்.ஜி.ஆரை வைத்து ‘நவரத்தினம்’ வந்தது. அந்த ஏப்ரல் 5ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். வயது நாற்பத்தொன்பது.

எதிர்வழி

ஏ.பி.என். போன மறு வருடம் ‘முள்ளும் மலரும்’ வந்தது. உமாசந்திரனின் நாவலை எடுத்தாண்ட இயக்குநர் மகேந்திரனும் மேடையை அறிந்தவர்தான். ‘தங்கப்பதக்கம்’ அவர் எழுதிய நாடகம், பிறகு 1974இல் படமானது. அதில் அப்பனும் பிள்ளையும் போடும் வாக்குவாதத்தை ஏ.பி.என். கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். மகேந்திரனின் அதே கைதான் பிறகு வசனத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்து ‘உதிரிப்பூக்கள்’ செய்தது. அகிலனின் தணிகாசலத்தைப் போல மனசுக்குள்ளேயே வாழ்கிற ஆட்களைத் திரையில் காட்ட ஒரு வழி அப்போதுதான் தமிழில் திறந்தது. ‘பாவை விளக்கு’ பதினெட்டு வருடம் முந்திக்கொண்டு வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

மகேந்திரன் இயக்கிய கடைசிப் படம் புதுக்கோட்டைக்குத் திரும்பி வந்தது. இங்கே அரசுப் பணியில் இருந்து, ஊழியர் சங்கத்திலும் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்திலும் இயங்கி, கவிதையும் கதையும் எழுதிய கந்தர்வன், ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து வந்து இந்த ஊர்க்காரராகவே ஆனவர். அவருடைய ‘சாசனம்’ சிறுகதையை ஆதாரமாக வைத்து அதே பெயரில் மகேந்திரன் எடுத்த படம் 2006இல்தான் வெளியானது. கந்தர்வன் 2004லேயே காலமாகிவிட்டார்.

அடுத்து வந்தவர் யாரிடமும் கதை கேட்கவில்லை. விராச்சிலைக்காரரான பாண்டிராஜ், தன் மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தையும் தெருவையும் வைத்தே 2009இல் ‘பசங்க’ எடுத்தார். வகுப்பில் இரண்டு பையன்கள் முறைத்துக்கொள்கிறார்கள், அவர்களுக்காகப் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் வாசலில் நின்று மல்லுக்கு நிற்கிறார்கள். நாவலும் இல்லை, நாடகமும் இல்லை. தேசிய விருதுக் குழு அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த குழந்தை நட்சத்திரங்கள் ஆகிய விருதுகளோடு இன்னொன்றையும் கொடுத்தது. அது வசனத்துக்கு.